வீட்டுப் பட்டறைக்கு வி.எஃப்.டி. வாங்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய லேத், டிரில்லிங் மெஷின், பெல்ட் கிரைண்டர் போன்றவற்றை வீட்டுக் கொட்டகையில் வைத்து வேலை செய்வோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. வி.எஃப்.டி. (Variable Frequency Drive) என்பது மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி; இதையே கீழே டிரைவ் என்றும் சொல்கிறேன். வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) மின்சாரம் மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எல்லாப் பதில்களும் சொல்லப்படுகின்றன. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எங்கும் இதே நிலைதான் என்பதால் இவை பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

வி.எஃப்.டி. என்ன செய்கிறது?

வீட்டு மின்சாரத்தை முதலில் நேர் மின்னோட்டமாக (டி.சி.) மாற்றி, கண்டென்சர்களில் ஏறத்தாழ 325 வோல்ட்டில் தேக்கி வைத்து, அதிலிருந்து நாம் கேட்கும் அதிர்வெண்ணில் மும்முனை மின்சாரத்தை உருவாக்கித் தருகிறது. மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைப் பொறுத்தது. நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடினால், 25 ஹெர்ட்ஸில் 700 சுற்றுக்கு அருகில் ஓடும். ஒருமுனை இணைப்பு மட்டுமே உள்ள வீட்டில் மும்முனை மோட்டாரை ஓட்ட முடிவது இதனுடன் சேர்ந்து கிடைக்கும் நன்மை. பலர் இதற்காகவே வாங்குகிறார்கள்.

என் மெஷினில் ஏற்கெனவே இருக்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை இதில் இணைக்கலாமா?

கூடாது. ஆனாலும் அதிகம் பேர் முயன்று பார்ப்பது இதைத்தான்.

லேத்திலும் கம்ப்ரெசரிலும் வழக்கமாக இருக்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டார், கண்டென்சர் உதவியுடன் ஸ்டார்ட் ஆகும் வகையைச் சேர்ந்தது. அதன் ஸ்டார்ட்டிங் வைண்டிங் சில விநாடிகள் மட்டுமே மின்சாரம் தாங்கும்படி மெல்லிய கம்பியில் சுற்றப்பட்டிருக்கும். மோட்டார் தன் முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டியதும், உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் அந்த வைண்டிங்கைத் துண்டித்துவிடும். வேகத்தை நாம் செயற்கையாகக் குறைத்தால் சுவிட்ச் மறுபடியும் மூடிக்கொள்ளும், ஸ்டார்ட்டிங் வைண்டிங் விடாமல் மின்சாரம் இழுக்கும், சற்று நேரத்தில் கருகிய வாசனை வரும். சீலிங் ஃபேன் ரெகுலேட்டரையோ, அதைவிடப் பெரிய டிம்மரையோ இப்படிப்பட்ட மோட்டாரில் மாட்டினாலும் இதே கதிதான்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கென்றே விற்கப்படும் டிரைவ்களும் இருக்கின்றன. அவை மின்விசிறி, சிறு பம்ப் போன்ற, கண்டென்சர் எப்போதும் இணைப்பிலேயே இருக்கும் மோட்டார்களுக்கானவை. குறைந்த வேகத்தில் அவற்றின் முறுக்குவிசை மிகவும் குறைந்துவிடும் என்பதால் லேத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் செலவில் ஒரு பழைய மும்முனை மோட்டாரையும் சாதாரண டிரைவையும் வாங்கிவிடுவது மேல். தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள பழைய பொருள் கடைகளில் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரைவிட மும்முனை மோட்டார் மலிவாகக் கிடைப்பதும் உண்டு, ஏனெனில் வீட்டுக்காரர்கள் யாரும் அதைக் கேட்டு வருவதில்லை.

கை டிரில், கை கிரைண்டர் போன்ற கார்பன் பிரஷ் உள்ள கருவிகளின் கதை வேறு. அவற்றுக்கு மலிவான மின்னணு ரெகுலேட்டரே போதும்.

மோட்டாரின் பெயர்த்தகட்டில் 415 வோல்ட் என்று இருக்கிறது. டிரைவோ 230 வோல்ட்தான் தருகிறது. இது ஓடுமா?

பெயர்த்தகட்டில் வோல்ட்டேஜுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். அங்கே ஸ்டார் (மூன்று வைண்டிங்குகளின் ஒரு நுனியை ஒன்றாக முடிந்த இணைப்பு) என்றோ, ஒய் எழுத்தைப் போன்ற குறியோ இருந்தால் ஓடும். முழு வலுவுடனும் ஓடும்.

ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட் கொடுக்கும்போது ஒவ்வொரு வைண்டிங்குக்கும் உண்மையில் கிடைப்பது 240 வோல்ட்தான். அதே வைண்டிங்குகளை டெல்டாவாக (ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு சேர்த்த முக்கோணமாக) மாற்றி இணைத்து 230 வோல்ட் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ அதே மின்னழுத்தம் போய்ச் சேர்கிறது. மாறுவது வெளியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் மட்டுமே, அது 1.73 மடங்காக உயரும். இந்தியாவில் 2 எச்.பி. வரையிலான மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டாரில் இணைக்கப்பட்டே வருகின்றன என்பது வீட்டுப் பட்டறைக்காரரின் நல்வாய்ப்பு.

டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு முனைகள் இருக்க வேண்டும். ஸ்டாரில் மூன்று முனைகளைப் பித்தளைப் பட்டைகள் ஒரே வரிசையில் சேர்த்திருக்கும். பட்டைகளைக் கழற்றி, மேல் முனையையும் கீழ் முனையையும் இணைக்கும்படி மூன்று செங்குத்துக் கோடுகளாகப் போட்டால் அதுவே டெல்டா. மூன்று ஒயர்கள் மட்டும் வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள் புதைந்திருக்கிறது என்று பொருள். ரீவைண்டிங் கடைக்காரர் அதைக் கண்டுபிடித்துப் பிரித்து மூன்று ஒயர்களை வெளியே எடுத்துத் தருவார். பழைய வார்னிஷ் உதிரும் நிலையில் இருக்கும் மோட்டாரில் இதைச் செய்யச் சொல்ல வேண்டாம்.

பட்டைகளை மாற்றாமல் ஸ்டாரிலேயே 230 வோல்ட் கொடுத்தால் மோட்டார் சுற்றத்தான் செய்யும். ஆனால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். டிரைவ் போட்ட பின் மெஷினில் வலுவே இல்லை என்று குறைபடுவோரிடம் நான் முதலில் கேட்பது இந்தப் பட்டைகளைப் பற்றித்தான்.

இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து இணைப்பு கொடுக்க வேண்டாம். அங்கே மோட்டார்கள் 60 ஹெர்ட்ஸ், 230/460 வோல்ட் என்ற இரட்டை மின்னழுத்த வகை. வழக்கமாக ஒன்பது ஒயர்கள் வெளியே வந்திருக்கும். அவர்கள் காட்டும் இணைப்புப் படம் நம் மோட்டாருக்குப் பொருந்தாது.

3 எச்.பி. மோட்டாராக இருந்தால்?

3 எச்.பி.யும் அதற்கு மேற்பட்டவையும் பெரும்பாலும் 415 வோல்ட் டெல்டாவாகவே வருகின்றன. அவற்றை இதற்கு மேல் மாற்ற இடமில்லை. 230 வோல்ட் டிரைவில் இவற்றை இணைத்தால், 230 வோல்ட்டை 28 ஹெர்ட்ஸிலேயே எட்டும்படி அமைத்து, அதுவரை முழு முறுக்குவிசையுடன் ஓட்டலாம். அப்போது அது ஏறத்தாழ ஒன்றரை எச்.பி. மோட்டாராகவே வேலை செய்யும். 230 வோல்ட் வாங்கி 380 வோல்ட் தருவதாக விற்கப்படும் டிரைவ்களில் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்பதை விற்பவர் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். வீட்டு வேலைக்கு 2 எச்.பி. ஸ்டார் மோட்டார் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே சுலபம்.

எத்தனை எச்.பி. டிரைவ் வாங்க வேண்டும்?

எச்.பி.யைப் பார்த்து வாங்காதீர்கள், ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். ஒரு 1 எச்.பி. மோட்டார் 415 வோல்ட் ஸ்டாரில் 1.9 ஆம்பியர் என்று தகட்டில் காட்டினால், டெல்டாவில் அது 3.3 ஆம்பியர் இழுக்கும். 0.75 கிலோவாட் டிரைவ்கள் வழக்கமாக 4 ஆம்பியருக்குக் குறையாமல் தருவதால் அது போதும். 2 எச்.பி. மோட்டார் டெல்டாவில் 6 ஆம்பியரை ஒட்டி இழுக்கும்; 1.5 கிலோவாட் டிரைவின் வெளியீடு 7 ஆம்பியர் அளவில் இருக்கும். பழைய மோட்டார்கள் புதியவற்றைவிடச் சற்று அதிகமாகவே இழுக்கும் என்பதால், இரண்டு எண்களும் மிக நெருங்கி வந்தால் அடுத்த அளவுக்குப் போய்விடலாம்.

சில நிறுவனங்கள் ஒரே டிரைவுக்கு இரண்டு திறன்களைப் போட்டிருக்கும். பெரிய எண் மின்விசிறிக்கும் பம்புக்கும் உரியது. லேத்துக்கும் டிரில்லுக்கும் சிறிய எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும்.

உள்ளீட்டுப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. 1.5 கிலோவாட் டிரைவ் முழுச் சுமையில் 16 ஆம்பியர் பிளக்கின் எல்லையை நெருங்கிவிடும், 2.2 கிலோவாட் என்றால் எல்லையைத் தாண்டும். அதற்குத் தனி எம்.சி.பி.யும் தனி ஒயரும் மெயின் போர்டிலிருந்தே இழுக்க வேண்டும். மும்முனை உள்ளீட்டுக்கான டிரைவ் ஒன்று கைவசம் இருந்து, அது 230 வோல்ட் வகையாகவும் இருந்தால், ஒருமுனை மின்சாரத்தில் அதைப் பாதித் திறனுக்கு மட்டும் பயன்படுத்தலாம். உள்ளீட்டில் ஒரு ஃபேஸ் இல்லை என்று சொல்லி ஓட மறுக்கும் டிரைவ்களும் இருப்பதால், முதலில் கையேட்டைப் படித்துப் பார்க்க வேண்டும்.

டிரைவ் போட்டுவிட்டால் ஸ்டெப் புல்லியையும் கியரையும் எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். டிரைவ் வாங்குபவருக்கு வரும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்து பிறக்கின்றன.

அதிர்வெண்ணைக் குறைத்தால் வேகம் குறைகிறது, முறுக்குவிசை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஆகவே திறன் குறைகிறது. 10 ஹெர்ட்ஸில் ஓடும் 1 எச்.பி. மோட்டார், ஐந்தில் ஒரு பங்கு எச்.பி.யைத்தான் தரும். பெல்ட்டை மாற்றியோ பேக் கியர் போட்டோ வேகத்தைக் குறைத்தால் அதே 1 எச்.பி. முழுவதும் வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் சக்குக்குப் போய், முறுக்குவிசை பல மடங்காகப் பெருகும். 200 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்புத் தட்டின் முகப்பை லேத்தில் கடைந்து சமப்படுத்தும்போது வேகம் குறைவாகவும் வலு அதிகமாகவும் வேண்டும். அங்கே டிரைவை மட்டும் நம்பினால் டூல் பட்டதும் சக் நின்றுவிடும்.

வெப்பமும் ஒரு காரணம். மோட்டாரின் குளிர்விக்கும் விசிறி அதன் ஷாஃப்டிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், மெதுவாகச் சுற்றும்போது காற்று வருவதில்லை. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுமையுடன் நீண்ட நேரம் ஓட்ட வேண்டியிருந்தால், தனியாக ஒரு சிறு விசிறியை மோட்டாரின் பின்புறம் வைத்துவிடுவது நல்லது. சென்சார்லெஸ் வெக்டர் வசதியுள்ள டிரைவ் குறைந்த வேகத்தில் கூடுதல் முறுக்குவிசை தரும் என்பது உண்மையே, ஆனால் அதனாலும் இந்தத் திறன் கணக்கு மாறாது.

என் பரிந்துரை இதுதான்: புல்லிகளை அப்படியே வைத்துக்கொண்டு, பெல்ட்டை நடுப்படியில் போட்டு, 20 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை டிரைவால் வேகத்தை மாற்றுங்கள். அன்றாட வேலைகளில் பெரும்பங்கு இதற்குள்ளேயே முடிந்துவிடும். கனமான வேலை வரும்போது மட்டும் பெல்ட்டை மாற்றினால் போதும். பெல்ட் மாற்றவே கூடாது என்று விரும்புவோர், மோட்டாரையும் டிரைவையும் ஒரு படி பெரிதாக, 1 எச்.பி. இருந்த இடத்தில் 2 எச்.பி.யாக, போட்டுக்கொள்ளலாம்.

50 ஹெர்ட்ஸுக்கு மேலே ஓட்டினால் மோட்டார் கெடுமா?

நான்கு துருவ மோட்டாரை 75 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் 2,200 சுற்றை ஒட்டி இருக்கும். இரு துருவ மோட்டார்கள் சாதாரணமாகவே 2,880 சுற்று ஓடுவதால் பேரிங்குகளுக்கு இது புதிதல்ல. மின்னழுத்தம் 230க்கு மேல் ஏறாது என்பதால் முறுக்குவிசை மட்டும் குறைந்துகொண்டே போகும்.

மோட்டார் தாங்கினாலும், அது சுற்றும் பொருள் தாங்க வேண்டும். 200 மி.மீ. கிரைண்டிங் வீலை 2,880 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 75 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் அது 45 மீட்டர் ஆகிவிடும், வீலின் மேல் அச்சிட்டிருக்கும் எல்லையோ பெரும்பாலும் 35 மீட்டர். சாணைக்கல் மாட்டியிருக்கும் மெஷினில் உச்ச அதிர்வெண்ணை 50இலேயே பூட்டிவிடுங்கள். பழைய வார்ப்பிரும்புச் சக்குக்கும் அதன் வேக எல்லையைத் தெரிந்துகொள்ளாமல் வேகம் கூட்டக் கூடாது.

எந்த நிறுவனத்தின் டிரைவ் நல்லது?

டெல்டா நிறுவனத்தின் வி.எஃப்.டி.-இ.எல்., ஷ்னைடர் ஆல்டிவார் 12, சீமென்ஸ் வி20, மிட்சுபிஷி எஃப்.ஆர்.-டி720எஸ் ஆகிய வரிசைகளில் ஒருமுனை உள்ளீடுள்ள சிறு டிரைவ்கள் 2.2 கிலோவாட் வரையாவது கிடைக்கின்றன. இவற்றில் எதை வாங்கினாலும் வீட்டுப் பட்டறைக்குத் தேவையானதைவிட அதிகமான வசதிகளே இருக்கும். ஆகவே பழைய இருப்பாக, ஒரு தலைமுறை முந்தைய மாடலாகக் கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். பெயர் தெரியாத மலிவு டிரைவ்களும் வேலை செய்கின்றன. அவற்றில் குறைபடும் இடம் பெரும்பாலும் கையேடுதான்: மொழிபெயர்ப்பு புரியாது, அமைப்பு எண்கள் தவறாக அச்சாகியிருக்கும். பிரேக் ரெசிஸ்டருக்கான முனை வெளியே இருந்தும், உள்ளே அதற்கான பாகங்களே பொருத்தப்படாத டிரைவ்களும் விற்பனையில் உண்டு. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால், கையேட்டை இணையத்திலிருந்து இறக்கிப் படிக்க முடிகிற மாடலையே தேர்ந்தெடுப்பேன். வாங்குவதற்கு முன்பே படித்துப் பார்க்கலாம் என்பதும் இதில் ஒரு வசதி.

மெஷினில் இருக்கும் பழைய ஃபார்வர்டு–ரிவர்ஸ் சுவிட்சை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இணைப்பைத் துண்டித்தாலோ திடீரெனத் திருப்பினாலோ டிரைவின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போய்விடலாம். டிரைவிலிருந்து மோட்டாருக்கு மூன்று ஒயர்களும் எர்த்தும் நேராகச் செல்ல வேண்டும். பழைய சுவிட்சின் முனைகளை டிரைவின் கட்டுப்பாட்டு டெர்மினல்களுக்குக் கொண்டுபோனால், அதே கைப்பிடி முன்போலவே வேலை செய்யும். டிரைவின் உள்ளீட்டை அடிக்கடி ஆன், ஆஃப் செய்து மோட்டாரை நிறுத்தும் பழக்கமும் வேண்டாம். உள்ளே கண்டென்சர் சார்ஜ் ஆகும் சுற்றை அது தேய்க்கும். அவசர நிறுத்தத்துக்காக மட்டும் உள்ளீட்டில் ஒரு காண்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துக்கொள்ளலாம்.

டிரைவ் போட்டதும் வீட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்றால், டிரைவின் உள்ளே இருக்கும் வடிகட்டி சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்புவது காரணமாக இருக்கலாம். அதற்காக எர்த்தைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து. பல டிரைவ்களில் அந்த வடிகட்டியின் எர்த் இணைப்பைத் துண்டிக்க ஒரு திருகு இருக்கும். அதைப் பற்றிக் கையேட்டைப் பார்த்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டு முடிவெடுங்கள்.

முதல் முறை ஆன் செய்யும் முன் எவற்றை அமைக்க வேண்டும்?

மோட்டாரின் மின்னோட்டம், மின்னழுத்தம், அடிப்படை அதிர்வெண், உச்ச அதிர்வெண், வேகம் ஏறும் நேரம், இறங்கும் நேரம் ஆகிய ஆறும் போதும். சில டிரைவ்கள் 60 ஹெர்ட்ஸ் அமைப்புடனே ஆலையிலிருந்து வருகின்றன. அதை 50ஆக மாற்றாவிட்டால் மோட்டாருக்கு ஒவ்வொரு வேகத்திலும் மின்னழுத்தம் குறைவாகவே போகும். மின்னோட்ட எல்லையில் டெல்டாவுக்கான எண்ணைப் போட வேண்டும். 24,000 சுற்று ஓடும் சி.என்.சி. ஸ்பிண்டில் மோட்டாரை இணைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அதன் அடிப்படை அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ், சாதாரண 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் ஆன் செய்தால் வைண்டிங் எரிந்துவிடும்.

சக் சட்டென்று நிற்க வேண்டும். பிரேக் ரெசிஸ்டர் தேவையா?

சிறிய டிரில்லிங் மெஷினுக்குத் தேவையில்லை. கனமான சக் உள்ள லேத்தை இரண்டு விநாடிக்குள் நிறுத்த முயன்றால், சுழலும் எடையின் ஆற்றல் டிரைவுக்குள் திரும்பி வந்து மின்னழுத்தம் உயர, டிரைவ் அதிக வோல்ட்டேஜ் என்று பிழை காட்டி விலகிவிடும். பிறகு சக் தானாகச் சுற்றித்தான் நிற்கும். இறங்கும் நேரத்தை ஐந்து, ஆறு விநாடிக்கு நீட்டினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால், அந்த ஆற்றலை வெப்பமாக்கி வெளியேற்றும் பிரேக் ரெசிஸ்டர் போடலாம். உங்கள் லேத்தில் சக் மரையில் திருகி மாட்டும் வகையாக இருந்தால், வேகமான பிரேக்கிலும் திடீர் ரிவர்ஸிலும் அது கழன்று பறக்கக்கூடும். அத்தகைய மெஷினில் ரெசிஸ்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி உண்டா?

உண்டு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் கிளட்ச் மோட்டாருக்குப் பதிலாக வந்திருக்கும் தையல் மெஷின் செர்வோ மோட்டார், 550 அல்லது 750 வாட் அளவில், கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் சேர்ந்தே கிடைக்கிறது. ஒருமுனை மின்சாரத்தில் நேராக ஓடும், சத்தமும் குறைவு. சிறு லேத்துக்கும் மரக் கடைசலுக்கும் ஏற்றது. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் பழையதாகவும் தேடலாம். வேகத்தைப் பெடலால் கட்டுப்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டிருப்பதால், பெடலை நிலையாகப் பிடித்து வைக்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

டிரெட்மில்லிலிருந்து எடுத்த நேர்மின் மோட்டாரும் பலருக்குப் பிடித்தது. ஸ்டிக்கரில் உள்ள எச்.பி. எண் பெரும்பாலும் சில விநாடிகளுக்கான உச்சம் என்பதால் அதை நம்பக் கூடாது. அந்த எண்ணும் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேற்பட்ட வேகத்தில் அளந்ததாக இருக்கும். பெல்ட்டால் வேகத்தை நன்றாகக் குறைத்துப் பயன்படுத்தினால் பெல்ட் கிரைண்டருக்குப் பொருத்தமானது. திறந்த மோட்டார் என்றால் இரும்புத் தூள் உள்ளே போகாமல் மூட வேண்டும்.

டிரைவை எங்கே பொருத்துவது?

மெஷினிலிருந்து பொறி பறக்காத, கைக்கு எட்டும் சுவரில் பொருத்துங்கள். இந்தச் சிறு டிரைவ்கள் பெரும்பாலும் திறந்த துளைகளுடன் வருகின்றன. இரும்புத் தூளும் மரத்தூளும் உள்ளே போனால் ஷார்ட் ஆகும். வடிகட்டியுடன் கூடிய உலோகப் பெட்டிக்குள் வைத்து, மேலும் கீழும் காற்றுக்கு ஒரு சாண் இடம் விட வேண்டும். நம் ஊரில் பல்லியும் எறும்பும் மரத்தூளுக்குச் சளைத்தவை அல்ல. வெதுவெதுப்பான பெட்டி என்றால் பல்லி தேடி வரும். ஒயர் நுழையும் துளைகளைக் கிளாண்ட் போட்டு அடைத்துவிடுங்கள்.

பழைய டிரைவ் வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

மின்சாரம் கொடுக்காமலேயே பாதிச் சோதனை முடிந்துவிடும். கழற்றிப் பத்து நிமிடமாவது ஆன டிரைவாக இருக்க வேண்டும், ஏனெனில் கண்டென்சரில் தேங்கிய மின்சாரம் ஆளைக் கொல்லப் போதுமானது. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, நேர் மின்னோட்டத்தின் (டி.சி.) +, − முனைகளுக்கும் மோட்டாருக்குச் செல்லும் மூன்று முனைகளுக்கும் இடையே அளந்தால், ஒரு திசையில் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். எங்காவது சுழி காட்டினால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று பொருள், வாங்க வேண்டாம். உள்ளீட்டு முனைகளையும் இதேபோல் பாருங்கள். மூடியைத் திறக்க விட்டால் கண்டென்சரின் தலை உப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த டிரைவுக்கு எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் கொடுக்கக் கூடாது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து, மோட்டார் இல்லாமல் ஆன் செய்தால், பல்பு ஒரு கணம் எரிந்து மங்கிவிட வேண்டும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. மங்கினால் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவைத்து, பிறகு பல்பை எடுத்துவிட்டுச் சிறிய மோட்டார் ஒன்றை இணைத்து, ஐந்து ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிப் பாருங்கள். மூன்று ஃபேஸிலும் மின்னோட்டம் சமமாக இருக்கிறதா என்பதைக் கிளாம்ப் மீட்டரில் பார்த்த பிறகே விற்பவருக்குப் பணம் கொடுப்பது நல்லது.